கிட் காருக்கு வேறு எஞ்சின் பொருத்துதல்: திருகோணமலையின் வெக்கைக்கும் உப்புக்காற்றுக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து உருவாக்கிய சட்டகம், கண்ணாடியிழை உடல், வேறொரு பழைய காரிலிருந்து எடுத்த எஞ்சின், கியர்பொக்ஸ், பின் அச்சு ஆகியவற்றைச் சேர்த்து ஒருவர் தம் கையால் கட்டும் வாகனமே கிட் கார். 1957 இல் பிரித்தானியாவில் வெளிவந்த லோட்டஸ் செவன் இவ்வகையில் புகழ்பெற்றது. பாகங்களாக வாங்கிப் பூட்டிக்கொண்டால் அக்காலக் கொள்வனவு வரியைத் தவிர்க்கலாம் என்பதால் அங்கு பலர் அதை அப்படியே வாங்கினார்கள். அந்த வடிவத்தைப் பின்பற்றிக் கட்டிய கார்களில் பெரும்பாலும் ஃபோர்ட் நிறுவனத்தின் கென்ட் வகை எஞ்சின்களே இருந்தன. அவற்றில் 1599 சி.சி. எஞ்சின் நல்ல எஞ்சின்தான். ஆனால் அதற்குரிய உதிரிப்பாகங்களை இலங்கையில் தேடி அலைவதும், தேய்ந்த கார்புரேற்றரை வைத்துக்கொண்டு புகைப் பரிசோதனைக்குப் போவதும் கடினம். எனவே அதனிடத்தில் பெற்றோல் உட்செலுத்தும் ஜப்பானிய எஞ்சின் ஒன்றைப் பொருத்துவது எப்படி என்பதை, முன்னால் எஞ்சினும் பின்சக்கர இயக்கமும் கொண்ட ஒரு செவன் வகைக் காரை உதாரணமாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

எஞ்சின் உள்ளே அடங்குவதும் ஸ்டார்ட் ஆவதும் இந்த வேலையில் பாதிக்கும் குறைவானவை. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும்போது, நண்பகலில் நகருக்குள் ஊர்ந்து சென்றாலும் அது கொதிக்கக் கூடாது. நிலாவெளிக் கரையோரம் இரண்டு மாரிக்காலம் நிறுத்தியிருந்த பிறகும் அதன் வயர் இணைப்புகள் பச்சை பிடிக்கக் கூடாது. இவ்விரண்டையும் முதலிலேயே மனதில் வைத்து ஒவ்வொரு பாகத்தையும் தெரிவு செய்தால்தான் இந்த உழைப்புக்குப் பலன் உண்டு.

முதலில் ஆவணங்கள்

இலங்கையில் வாகனமொன்றின் பதிவுச் சான்றிதழில் சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் தனித்தனியே பதியப்பட்டுள்ளன. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டிலும் அந்த மாற்றம் இடம்பெற வேண்டும். எரிபொருள் வகையோ எஞ்சின் கொள்ளளவோ மாறினால் அதுவும் குறிக்கப்பட வேண்டும். இதற்கெல்லாம் அடிப்படை 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். ஆகவே பணம் கொடுத்து எஞ்சினை வாங்குவதற்கு முன்பே, உங்கள் வாகனம் எந்த வகுப்பில் பதியப்பட்டுள்ளது, நீங்கள் விரும்பும் எஞ்சினை அதில் ஏற்பார்களா, பரிசோதனைக்கு எதைக் கொண்டுவர வேண்டும் என்பவற்றைத் திணைக்களத்திடம் கேட்டு, கூடுமானால் எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். பதிவே இல்லாத ஒரு சட்டகத்துக்கு எஞ்சின் பொருத்திவிட்டுப் பிறகு பதிவெடுக்கலாம் என்று எண்ணி இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான ஆலோசனை.

எஞ்சினை விற்பவரிடமிருந்து எஞ்சின் இலக்கம் குறிக்கப்பட்ட பற்றுச்சீட்டையும், அது இறக்குமதியான எஞ்சினாயின் சுங்க ஆவணத்தின் பிரதியையும் கட்டாயம் பெற வேண்டும். எஞ்சினின் முதன்மை உடலான புளொக்கில் பொறித்த இலக்கம் தேய்ந்தோ அரத்தால் உராயப்பட்டோ இருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை விட்டுவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை அறிவிக்க வேண்டும். அறிவிக்காத மாற்றம் விபத்தொன்றின்போதுதான் வெளிவரும். அப்போது அதைச் சரிசெய்ய வழியிராது.

எந்த எஞ்சின்?

குதிரைவலுவைப் பார்த்து எஞ்சினைத் தெரிவு செய்பவர்களே அதிகம். நான் முதலில் பார்ப்பது கியர்பொக்ஸை. இலங்கைச் சந்தையில் மிக எளிதாகக் கிடைப்பவை டொயோட்டா கொரோலாவின் 1498 சி.சி. 5ஏ-எஃப்ஈ, 1587 சி.சி. 4ஏ-எஃப்ஈ எஞ்சின்கள். உறுதியானவை, உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும். ஆனால் முன்சக்கர இயக்கத்துக்காகக் குறுக்காக வைக்கப்பட்ட எஞ்சின்கள் அவை. அவற்றை நீளவாக்கில் திருப்பி வைக்கும்போது, பிளைவீல் (எஞ்சினின் முனையில் சுழலும் கனத்த வட்டு) பக்கமாக இருந்த தண்ணீர்க் குழாய்களும் பிற இணைப்புகளும் காரின் தடுப்புச் சுவரில் போய் முட்டும்; எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் கூடான பெல்ஹவுசிங்கும் பின்சக்கர இயக்கத்துக்குரியதாகத் தேடவேண்டி வரும். பிற நாடுகளில் இதே குடும்பத்து எஞ்சினுக்கு ஏ.ஈ.86 கொரோலாவின் டி50 கியர்பொக்ஸைப் பொருத்துவார்கள். இங்கே அது கிடைப்பதற்கு அரிது.

டொயோட்டா டவுன்ஏஸ் வேன்களின் 7கே எஞ்சின் 1781 சி.சி. கொண்டது, ஏற்கெனவே நீளவாக்கில், பின்சக்கர கியர்பொக்ஸுடன் வருகிறது. எந்தக் கிராமத்து மெக்கானிக்குக்கும் அது பழக்கமானது. இரும்பு புளொக் என்பதால் எடை அதிகம். வேனின் ஆசனத்துக்கு அடியில் வைப்பதற்கேற்ற சம்ப்பும் (எஞ்சினின் அடியிலுள்ள ஓயில் தொட்டி) குழாய்களும் தாழ்ந்த கிட் காருக்கு அப்படியே பொருந்துவதில்லை.

இவற்றைவிட எனக்குப் பிடித்த தெரிவு சுசுகி ஜிம்னியின் எம்13ஏ எஞ்சின். 1328 சி.சி., அலுமினிய புளொக், வால்வுகளை இயக்கப் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி, நீளவாக்கில் அமைந்த கியர்பொக்ஸ். ஜிம்னி நான்கு சக்கர இயக்க வாகனம் என்றாலும் முன், பின் அச்சுகளுக்கு வலுவைப் பிரித்துக்கொடுக்கும் அதன் ட்ரான்ஸ்பர் கேஸ் கியர்பொக்ஸோடு ஒட்டாமல் தனியாக நடுவில் அமர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு குட்டை ஷாஃப்ட் மட்டுமே உண்டு. ஆகவே ட்ரான்ஸ்பர் கேஸை விட்டுவிட்டு, கியர்பொக்ஸை மட்டும் எடுத்துச் சாதாரணப் பின்சக்கர கியர்பொக்ஸாகப் பயன்படுத்தலாம். வேகமானிக்குரிய சமிக்ஞை ட்ரான்ஸ்பர் கேஸிலிருந்து வருவதால் அதற்கு மட்டும் மாற்றுவழி தேட வேண்டும். எண்பது குதிரைவலு அளவு போதுமா என்று கேட்பார்கள். அறுநூறு கிலோவைச் சுற்றி நிற்கும் காருக்கு அது தாராளம். அதற்குமேல் ஏற்றினால் பிரேக், பின் அச்சு, சட்டகம் மூன்றையும் மாற்ற வேண்டியதாகிவிடும்.

எந்த எஞ்சினாயினும் அழுத்த விகிதத்தை, அதாவது சிலிண்டரினுள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதைப் பாருங்கள். ஒக்டேன் 92 பெற்றோலே எங்கும் எப்போதும் கிடைப்பது. 95 கிடைக்கும் நிலையங்கள் குறைவு. 92 இல் தட்டாமல் (கலவை தானாகவே வெடித்தெரிந்து தட்டும் ஓசை எழாமல்) ஓடும்படி வடிவமைத்த எஞ்சினையே எடுங்கள், ஏனெனில் சூடான உள்ளிழு காற்று தட்டும் போக்கை மேலும் கூட்டும்.

வாங்கும்போது

கொழும்பின் பஞ்சிகாவத்தைதான் நாட்டின் பழைய உதிரிப்பாகச் சந்தை. அங்கிருந்து எஞ்சினை ஏற்றிவர லொறிக் கூலி கொடுத்த பிறகு, விட்டுப்போன ஒரு சென்சருக்காகத் திரும்பவும் திருகோணமலைக்கு வரும் ஏ6 வீதி முழுவதும் பயணிக்க நேரக்கூடாது. எஞ்சின், கியர்பொக்ஸ், கிளச், பிளைவீல், ஸ்டார்ட்டர், டைனமோ, எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி, வெட்டப்படாத முழு வயர் கட்டு, எல்லாச் சென்சர்களும், காற்றைக் கொண்டுவரும் உள்ளிழு மெனிபோல்ட், புகையைக் கொண்டுபோகும் வெளியேற்று மெனிபோல்ட், ஒட்சிசன் சென்சர், இருபக்க மவுண்ட்கள் ஆகிய அனைத்தும் ஒரே வாகனத்திலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். சாவியில் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சில்லு உள்ள மாதிரியாயின் சாவியும் அதை வாசிக்கும் வளையமும் சேர்ந்தே வரவேண்டும். எக்ஸிலரேற்றர் கம்பி இல்லாமல் மின்னணு முறையில் இயங்கும் மாதிரியாயின் அந்த மிதியும் தேவை. வயர் கட்டைக் கத்தரித்து விற்பது சந்தையில் வழக்கம். வெட்டாத கட்டுக்கு அதிகம் கேட்டாலும் கொடுத்து வாங்குங்கள்.

முடிந்தால் அங்கேயே அழுத்தப் பரிசோதனை செய்விக்கலாம். நான்கு சிலிண்டர்களின் அளவுகளுக்கும் இடையே பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஓயில் மூடியின் உட்புறத்தில் பால் நிறக் கசடு தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கக் கூடும் என்று கொள்ளுங்கள்.

கராஜுக்கு வந்ததும், எஞ்சின் வெளியே இருக்கும்போதே, எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் முன்பின் ஓயில் சீல்கள், தண்ணீர்ப் பம்ப், எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை மறிக்கும் தேர்மோஸ்டாட், கிளச் தட்டு, கிளச்சை விடுவிக்கும் பெயரிங் ஆகியவற்றைப் புதிதாக்கிவிடுங்கள். பெல்ட் உள்ள எஞ்சினாயின் பெல்ட்டும் இறுக்கியும் அதில் அடங்கும். உள்ளே பூட்டிய பிறகு இவற்றில் ஒன்றை மாற்றுவதற்காக எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டி வரும்.

அளந்து பார்த்தல்

பழைய எஞ்சினை இறக்குமுன் காரைச் சமதளத்தில் நிறுத்தி, அதன் தற்போதைய நிலையைப் பதிவு செய்யுங்கள். கிராங்க் ஷாஃப்டின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது, எஞ்சின் பின்பக்கமாக எத்தனை பாகை சரிந்துள்ளது, கியர்பொக்ஸ் வெளியீட்டு முனைக்கும் பின் அச்சின் முனைக்கும் இடையே எவ்வளவு தூரம், நான்கு சக்கர வளைவுகளின் உயரம் என்பவை முக்கியமானவை. நெல் ஆலைகளின் எடைப்பாலத்தில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே ஏற்றி எடையும் பார்த்துவிடுங்கள். வேலை முடிந்தபின் ஒப்பிட்டு ஸ்பிரிங்குகளை மாற்றுவதா என்று தீர்மானிக்க அது உதவும்.

எரிபொருள் தாங்கியைக் கழற்றிக் கராஜுக்கு வெளியே வைத்துவிட்டு, பற்றரியை அகற்றி, பழைய எஞ்சினைச் சங்கிலி பிளொக்கால் தூக்குங்கள். சட்டகம் வெறுமையாக நிற்கும் இந்த நேரமே அதைப் பார்க்கவேண்டிய நேரம். செவன் வகைச் சட்டகங்களில் பெரும்பாலும் 25 மி.மீ. சதுரக் குழாய்கள், 1.6 மி.மீ. தடிப்பில் இருக்கும். கடலோரத்தில் ஆண்டுக்கணக்கில் நின்ற கார்களில் குழாய்களின் உட்புறம் துருப்பிடித்து, வெளியே வண்ணம் மட்டும் நன்றாகத் தெரியும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள்; ஓசை மாறும் இடத்தை வெட்டித் திறந்து பார்த்து, துரு உண்ட பகுதியைப் புதிதாக வெல்டிங் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பிறகு புதிய எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒன்றாகப் பூட்டி, காலியாக உள்ள இடத்தில் இறக்கி, மரக்கட்டைகளின் மேல் நிறுத்துங்கள். சம்ப்பின் அடி சட்டகத்தின் அடிக் குழாயைவிடக் கீழே இறங்கினால் முதல் வேகத்தடையே அதை உடைத்துவிடும்; நம் ஊர் வீதிகளுக்கு ஆள் ஏறிய நிலையிலும் சம்ப்புக்கும் தரைக்கும் இடையே 125 மி.மீ. குறையாமல் இருக்கட்டும். சம்ப்பைக் குட்டையாக்க வேண்டி வந்தால் அதிலிருந்து ஓயிலை எடுக்கும் உறிஞ்சு குழாயையும் அதேயளவு குறைத்து, அதன் வாய்க்கும் சம்ப்பின் அடிக்கும் இடையே ஆறு முதல் பத்து மி.மீ. இடைவெளி விடுங்கள். குறைந்த ஓயிலின் அளவை ஈடுசெய்யச் சம்ப்பைப் பக்கவாட்டில் அகலமாக்கி, வளைவுகளில் ஓயில் ஒருபக்கம் ஒதுங்காதபடி உள்ளே தடுப்புத் தகடுகளை வையுங்கள்.

இலங்கையில் ஸ்டியரிங் வலப்பக்கம். வெளியேற்று மெனிபோல்டும் வலப்பக்கமாக உள்ள எஞ்சினாயின் ஸ்டியரிங் தண்டும் சூடான குழாயும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். இதைக் கட்டையில் நிற்கும்போதே பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

மவுண்ட்கள்

இருபக்கமும் ஒவ்வொன்று, கியர்பொக்ஸின் வாலில் ஒன்று என மூன்று புள்ளிகளில் எஞ்சினைத் தாங்குவதே முறை. றப்பர் மவுண்ட்கள் எடையை மட்டுமன்றித் திருகலையும் தாங்குகின்றன. எஞ்சின் 110 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை தருமானால், முதல் கியர் விகிதம் 3.6 எனக் கொண்டால், கியர்பொக்ஸின் வெளியீட்டில் ஏறத்தாழ 400 நியூட்டன் மீற்றர் உண்டாகிறது. அதன் எதிர்விசை முழுவதும் இந்த மவுண்ட்களில்தான் விழும். ஆகவே தாங்கிகளை நான்கு அல்லது ஐந்து மி.மீ. தகட்டில் செய்து, மெல்லிய சதுரக் குழாயின் நடுவில் ஒட்டாமல், குழாய்கள் சந்திக்கும் மூட்டுகளில் பரந்த தகடு வைத்து ஒட்டுங்கள். எஞ்சின் அசையும்போது எதிலும் இடிக்காதிருக்கச் சுற்றிலும் 25 மி.மீ. இடைவெளி தேவை.

முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் போட்டு, பொனற்றை மூடிப் பார்த்து, ஸ்டியரிங்கை முழுமையாக இருபுறமும் திருப்பிப் பார்த்து, எல்லாம் சரி என்றால் எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு முழு வெல்டிங் செய்யுங்கள். கண்ணாடியிழை உடலில் தீப்பொறி பட்டால் ரெசின் பற்றிக்கொள்ளும். ஈரச் சாக்கும் தீயணைப்பானும் பக்கத்தில் இருக்கட்டும். எஞ்சின் கணினி காரில் இருக்கும்போது ஒருபோதும் வெல்டிங் செய்யாதீர்கள்.

பொனற்றில் மேடு எழுப்ப வேண்டி வந்தால் கவலைப்பட வேண்டாம். கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டியும் ஒட்டியும் பழகிய கைகள் இந்தக் கரையோரம் முழுவதும் உண்டு. அவர்களிடம் வடிவத்தைக் காட்டினால் வெட்டி, பாயிழை வைத்து, ரெசின் பூசிச் சீராக முடித்துத் தருவார்கள். கார் வேலைக்குப் படகைவிட மெல்லிய அடுக்குகள் போதும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கியர்பொக்ஸ், கிளச், புரொப்பெல்லர் ஷாஃப்ட்

எஞ்சினோடு வந்த கியர்பொக்ஸையே பயன்படுத்துவதாயின் இந்தப் பகுதியில் பாதி வேலை உங்களுக்கு இல்லை. பழைய கியர்பொக்ஸை வைத்துக்கொண்டு அதையும் புதிய எஞ்சினையும் இணைக்கும் இடைத்தகடு போடுவதாயின் லேத் வேலை துல்லியமாக இருக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பொக்ஸ் உள்ளீட்டுத் தண்டின் மையமும் 0.13 மி.மீ. அளவுக்குள் ஒன்றாக வராவிட்டால் கிளச் நடுங்கும், பைலட் பெயரிங் தேயும், கியர்பொக்ஸின் முன் பெயரிங்கும் நாளடைவில் போய்விடும். டயல் அளவியைப் பிளைவீலில் பொருத்தி, பெல்ஹவுசிங்கின் உள்வட்டத்தைச் சுற்றிப் பார்த்தே இதை உறுதிசெய்ய முடியும், கண்ணால் முடியாது.

கிளச்சின் மிதி கனமாக இருந்தாலோ முழுமையாக விடுபடாமல் இருந்தாலோ, மிதியோடு இணைந்த மேல் சிலிண்டரின் விட்டத்தையும் கிளச்சைத் தள்ளும் கீழ்ச் சிலிண்டரின் விட்டத்தையும் ஒப்பிடுங்கள். மேல் சிலிண்டரின் விட்டம் கூடினால் கீழே நகர்வு கூடும், மிதியும் கனக்கும். குறைந்தால் மிதி மென்மையாகும், நகர்வு போதாமல் போகலாம்.

கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி நீளம் மாற்றிய பிறகு கட்டாயம் சமநிலைப்படுத்த வேண்டும். கியர்பொக்ஸின் வெளியீட்டு அச்சும் பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலின் உள்ளீட்டு அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக அமைந்து, இருமுனைகளிலும் யூனிவர்சல் மூட்டுகளின் கோணம் ஒன்று முதல் மூன்று பாகைக்குள் சமமாக இருக்கட்டும். கோணமே இல்லாமல் நேராக வைத்தால் மூட்டின் ஊசி பெயரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்திக் குழி விழும்.

பின் அச்சின் விகிதத்தையும் இப்போதே கணக்கிடுங்கள். டயரின் உருள் சுற்றளவு 1.76 மீற்றர், ஐந்தாம் கியர் 0.85, டிஃபரன்ஷியல் 4.11 எனக் கொண்டால் எஞ்சினின் ஒவ்வோர் ஆயிரம் சுற்றுக்கும் வேகம் ஏறத்தாழ மணிக்கு 30 கி.மீ. வரும், 80 இல் ஓடும்போது எஞ்சின் 2650 சுற்றுகளில் நிற்கும். அதே இடத்தில் 3.54 விகிதம் இருந்தால் ஆயிரத்துக்கு 35 கி.மீ., 80 இல் சுமார் 2300 சுற்றுகள். சிறிய எஞ்சினுக்கு முதலாவதே உகந்தது என்பது என் கருத்து.

குளிர்விப்பு

மற்றப் பகுதிகளில் பிறநாட்டு நூல்களைப் பின்பற்றலாம். இதில் மட்டும் நம் வெக்கையை வைத்தே எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டும். பத்துப் பாகை செல்சியஸில் வீதியெங்கும் ஓடும் காருக்குப் போதுமான ரேடியேற்றர், 36 பாகை நண்பகலில் துறைமுக வீதிச் சந்தியில் நிற்கும்போது போதாது. இடம் எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவு பெரிய அலுமினிய ரேடியேற்றரை வையுங்கள். அதைவிட முக்கியம், காரின் மூக்கு வழியாக நுழையும் காற்று ரேடியேற்றரைச் சுற்றிப் போகாமல் அதன் ஊடாகவே போகும்படி நான்கு பக்கமும் தகடும் றப்பரும் வைத்து அடைப்பது. பல கிட் கார்கள் சூடாவதற்குக் காரணம் ரேடியேற்றர் சிறியது என்பதைவிட, காற்று இந்த இடுக்குகளால் தப்பிப்போவதுதான். உள்ளே வந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். பொனற்றின் இருபக்கமும் செவிள்கள் வெட்டி, சூடான காற்று பின்பக்கமாக வெளியேற விடுங்கள்.

மின்விசிறியை ரேடியேற்றரின் பின்புறத்தில், முழுப் பரப்பையும் மூடும் உறையோடு பொருத்தி, 92 பாகையைச் சுற்றி இயங்கத் தொடங்கும் சுவிட்ச் ஒன்றை வையுங்கள். அதற்கு ரிலேயும் தனி ஃபியூஸும் வேண்டும். சுவிட்ச் பழுதானால் கையால் போடுவதற்கு ஒரு மாற்றுச் சுவிட்சை டாஷ்போர்டில் வைப்பது நல்லது.

செவன் வகைக் கார்களில் ரேடியேற்றரின் தலை, எஞ்சினின் தண்ணீர் வாயைவிடத் தாழ்வாக இருக்கும். அப்போது காற்றுக்குமிழ் எஞ்சினின் தலையிலேயே தங்கி, வெப்பமானி சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டர் ஹெட்டை வளைத்துவிடும். இதைத் தடுக்க, முழு அமைப்பிலும் மிக உயர்ந்த இடத்தில் ஒரு விரிவுத் தாங்கியை வைத்து, ரேடியேற்றரின் உச்சியிலிருந்தும் எஞ்சினின் உச்சியிலிருந்தும் மெல்லிய குழாய்களை அதற்குக் கொண்டுபோங்கள்; தாங்கியின் அடியிலிருந்து தண்ணீர்ப் பம்பின் உறிஞ்சு பக்கத்துக்கு ஒரு தடித்த குழாய் வரட்டும். 0.9 பார் மூடி வெறும் தண்ணீரின் கொதிநிலையையே ஏறத்தாழ 118 பாகைக்கு உயர்த்திவிடும். ஆனால் வெறும் தண்ணீரை ஊற்ற வேண்டாம், அதிலும் கிணற்றுத் தண்ணீரை வேண்டவே வேண்டாம். கடலை அண்டிய நம் கிணறுகளின் உவர் அலுமினியத்தை உள்ளிருந்தே தின்னும். வடித்த நீரும் கூலன்டும் கலந்தே ஊற்றுங்கள்.

தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. அது வெப்பமானியைச் சற்றுக் குறைத்துக் காட்டலாம். எஞ்சினோ சரியான சூட்டுக்கு வராமல், கணினி தொடர்ந்து அதிக பெற்றோலை ஊற்ற, ஓயில் கெட்டு, புகைப் பரிசோதனையிலும் தோற்கும். அதை இருந்த இடத்திலேயே விடுங்கள்.

உள்ளிழு காற்றின் சூடும் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ மூன்று வீதம் குறைகிறது. காற்று வடிகட்டியை வெளியேற்று மெனிபோல்டின் பக்கத்தில் வைத்துவிட்டு எஞ்சினுக்கு வலு இல்லை என்று சொல்வதில் பயனில்லை. காரின் முன்பக்கத்திலிருந்து ஒரு குழாயை அதற்குக் கொண்டுவாருங்கள்.

பெற்றோல் வழி

கார்புரேற்றருக்கு 0.2 முதல் 0.3 பார் அழுத்தம் போதும். உட்செலுத்தும் எஞ்சினுக்கு ஏறத்தாழ 3 பார் வேண்டும், அதாவது பத்து மடங்குக்கும் மேல். பழைய குழாய்களையும் கிளிப்புகளையும் அப்படியே வைத்தால் அவை வெடித்துச் சூடான மெனிபோல்டின் மேல் பெற்றோலைத் தெளிக்கும். உயரழுத்தத்துக்கென்றே தயாரித்த குழாயும், முழுச் சுற்றும் சமமாக இறுக்கும் கிளிப்பும் மட்டுமே பயன்படுத்துங்கள். பழைய தாங்கியில் தடுப்புத் தகடுகள் இல்லாவிட்டால் வளைவுகளில் பம்ப் காற்றை உறிஞ்சும். அதற்காகச் சிறிய இடைத்தாங்கி ஒன்றைக் குறைந்த அழுத்தப் பம்பால் நிரப்பி, அதிலிருந்து உயரழுத்தப் பம்புக்கு எடுப்பது நம்பகமான முறை. மோதலின்போது பம்பை நிறுத்தும் அதிர்வுச் சுவிட்ச் ஒன்றை வைக்காமல் இந்த வேலையை முடித்ததாகக் கருத வேண்டாம்.

வயரிங்

கண்ணாடியிழை உடல் மின்சாரத்தைக் கடத்தாது. சாதாரணக் காரில் உடலே எர்த், அதாவது மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும் வழி ஆகும். இங்கே ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு சென்சருக்கும் எர்த் வயர் தனியே போக வேண்டும். பற்றரியிலிருந்து சட்டகத்துக்கும், சட்டகத்திலிருந்து எஞ்சின் புளொக்குக்கும் குறைந்தது 16 சதுர மி.மீ. தடிப்புள்ள பட்டைகளைப் பூட்டுங்கள். உட்செலுத்தும் எஞ்சினில் புரியாத தடுமாற்றங்கள் வந்தால் பத்தில் பல தடவை காரணம் தளர்ந்த எர்த்தாகவே இருக்கும்.

எஞ்சினோடு வந்த வயர் கட்டை மேசையில் விரித்து, அந்த மாதிரிக்குரிய வரைபடத்தோடு ஒவ்வொரு வயரையும் ஒப்பிட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள். கணினிக்கு எப்போதும் இருக்கவேண்டிய மின்சாரம், சாவி திருப்பினால் வரும் மின்சாரம், பெற்றோல் பம்ப் ரிலே, விசிறி ரிலே, எச்சரிக்கை விளக்கு, பழுதறியும் கருவியைச் செருகும் இணைப்பு ஆகியவற்றை அடையாளம் கண்ட பிறகே, வேண்டாதவற்றைப் பின்னோக்கி உருவி எடுக்கலாம். காற்றுச்சீராக்கி, கதவு, ஜன்னல் ஆகியவற்றுக்குரிய வயர்களே அவற்றில் பெரும்பகுதி.

புதிதாக இழுக்கும் வயர்களுக்கு ஈயப்பூச்சு உள்ள படகு வயரை வாங்குங்கள். வெறும் செம்புக் கம்பியின் உறைக்குள் உப்பு ஈரம் தந்துகிபோல் ஏறி, வெளியே தெரியாமலே கறுப்பாக்கிவிடும். இணைப்புகள் ஒவ்வொன்றிலும் சிலிக்கோன் கிரீஸ் வைத்து மூடுங்கள்.

உப்புக்காற்றுக்கு எதிராக

அலுமினியத் தகட்டில் இரும்பு போல்ட்டை வெறுமனே முறுக்கினால், உப்பு ஈரம் படும்போது இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கி, போல்ட் கழலாமல் இறுகிவிடும். துருவேறாத எஃகு போட்டால் அலுமினியத்தின் அரிப்பு இன்னும் மோசமாகலாம். பிடிப்புத் தடுப்புப் பசையை மரைகளில் தடவியே எல்லாவற்றையும் பூட்டுங்கள். பிரேக் குழாய்களைச் செம்பு நிக்கல் கலவையில் மாற்றினால் துருக் கவலை இல்லை. சட்டகத்தின் குழாய்களுக்குள் சிறு துளைகள் வழியே மெழுகுத் திரவம் தெளித்துவிடுங்கள். கரையோரம் ஓடிவந்த அன்றே ரேடியேற்றரையும் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் மென்மையாகக் கழுவுங்கள். வெளிப்புற மோட்டாரை நாள்தோறும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவும் மீனவரின் படகு மோட்டார்கள் எத்தனை ஆண்டு நிற்கின்றன என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் ஸ்டார்ட், முதல் ஓட்டம்

பிளக்குகளைக் கழற்றி, பெற்றோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஓயில் அழுத்தமானி எழும்வரை ஸ்டார்ட்டரால் சிறிது சிறிதாகச் சுழற்றுங்கள். அழுத்தம் வந்த பின் பிளக்குகளைப் பூட்டி, பம்பை மட்டும் இயக்கி எல்லா இணைப்புகளிலும் கசிவு உண்டா என்று கையால் தடவிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் மட்டும் ஸ்டார்ட் செய்யலாம். ஒருவர் ஆசனத்திலும் ஒருவர் தீயணைப்பானோடு எஞ்சினின் பக்கத்திலும் நிற்க வேண்டும். விரிவுத் தாங்கியின் மூடியைத் திறந்துவைத்துக் காற்றுக்குமிழ்கள் ஓயும்வரை பொறுத்திருந்து, பிறகு மூடி, விசிறி தானாக ஓடி நிற்பதை இரண்டு தடவையாவது பார்த்த பின்பே காரை அசையுங்கள்.

வலு கூடியிருந்தால் பிரேக்கும் அதற்கேற்ப வேண்டும். வேகம் இருமடங்கானால் நிறுத்தவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். பழைய எஞ்சினுக்குப் போதிய பிரேக் இதற்கும் போதும் என்று எடுத்துக்கொள்ளாமல், பட்டைகள், குழாய்கள், முன்பின் சமநிலை அனைத்தையும் முதல் ஓட்டத்துக்கு முன் சரிபாருங்கள்.

பதிவேட்டு மாற்றமும் காப்புறுதியும் முடிந்த பிறகு, முதலில் அருகேயுள்ள கன்னியா வரை மெதுவாகப் போய்வந்து, அடியில் கசிவுகளைப் பாருங்கள். அடுத்ததாக உவர்மலையின் ஏற்றத்தில் நண்பகலில், இரண்டாம் கியரில், காற்றோட்டம் குறைந்த வேகத்தில் ஏறிப் பாருங்கள். குளிர்விப்பில் குறை இருந்தால் அங்கே தெரிந்துவிடும். கடைசியாகக் கந்தளாய் வரையான நெடும்பாதையில் சீரான வேகத்தில் ஓடி, ஓயில் அழுத்தமும் வெப்பமும் நிலையாக நிற்கின்றனவா என்று கவனியுங்கள். திரும்பி வந்ததும் மவுண்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட், வெளியேற்று மெனிபோல்ட் ஆகியவற்றின் போல்ட்களை மறுபடி இறுக்கிப் பெயின்ட் கோடு போட்டுவையுங்கள். கோடு விலகினால் போல்ட் தளர்ந்திருக்கிறது.

புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் எஞ்சின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். பரிசோதிப்பது காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஐதரோகாபன்களையும் என்பதால், ஒட்சிசன் சென்சர் மெனிபோல்டுக்கு அருகிலேயே இருப்பதும், அதற்கு முன்னால் குழாயில் கசிவு இல்லாதிருப்பதும் அவசியம். சான்றிதழும் காப்புறுதியும் கிடைத்தால் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கலாம். முதல் ஆயிரம் கி.மீ. முடிந்ததும் ஓயிலையும் வடிகட்டியையும் மாற்றி, பழைய வடிகட்டியை அறுத்து விரித்து, அதன் மடிப்புகளில் உலோகத் துணுக்குகள் உண்டா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.